துரியன் தோப்புக் காவலும் வேதத்துக் கனிகளும்

முதலில் இலைகளை உரசிக்கொண்டு வருகிற ஒரு சரசரப்பு, பிறகு தொப்பென்று ஒரு சத்தம். எங்கள் தொழிலில் பழம் முதலில் காதில்தான் விழும், கண்ணில் படுவதெல்லாம் பிறகு. குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையை விட்டு விலகி ஏறினால் வருகிற ஒரு தனியார் தோப்பில் நான் துரியன் காவல்காரன். துரியனைப் பறிக்கக் கூடாது. முற்றினால் தானாக விழும்; பெரும்பாலும் ராத்திரியில்தான் விழும். விழுந்த இடத்தை டார்ச் அடித்துக் கண்டுபிடித்து, மரநாயும் பன்றியும் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். தலையில் பழைய பைக் ஹெல்மெட் ஒன்றை மாட்டியிருப்பேன். அந்த முள்ளுப் பழம் தலையில் விழுந்தால் அடுத்த சத்தம் நமக்குக் கேட்காது.

ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளுகிறவர்களுக்கும், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு செல்போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன். என் ஒரே மகள் பியூலாவை வாசுதேவநல்லூரில் கொடுத்து ஐந்து வருஷமாகிறது. குழந்தை இல்லை. இந்த சீசன் முடியட்டும், ஒரு முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொல்லியனுப்பியிருந்தார். என்ன முடிவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் காவல் காக்கிற பழமோ, சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி எங்கெங்கிருந்தோ கார் போட்டு வந்து ஜனங்கள் வாங்குகிற பழம்.

எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். குடிசையில் இருக்கிற ஒரே புத்தகம் வேதம், எங்கள் பைபிள். ஒரு பழம் விழுந்து அடுத்தது விழுகிறவரை அதைத்தான் வாசிப்பேன். பழம் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு தோட்டம், அதில் தின்னக்கூடாத பழம். கடைசியில் ஒரு நகரம், அதில் மாதாமாதம் கனி தருகிற மரம். நடுவில் திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம். துரியன் மட்டும் இல்லை.

பறித்த பழம்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷன் பெண்சாதி இருவர் விடியற்காலையில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு விழுந்த பழம் முழுவதும் ஏற்கெனவே போய்விட்டது. ராத்திரி தங்கினால் நாளைக்குக் கிடைக்கும் என்றேன். அந்த மனிதருக்கு ஒரு நாள்தான் லீவு. மரத்தில்தான் அத்தனை தொங்குகிறதே என்றார். பறித்தால் உள்ளே வெறும் கட்டைதான் இருக்கும், எத்தனை நாள் வைத்தாலும் சரியாகப் பழுக்காது என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் குடிசைக்குப் போனேன்.

திரும்பி வருவதற்குள், மங்குஸ்தான் பறிக்க மரத்தில் சாய்த்து வைத்திருந்த தொரட்டியை எடுத்து ஒன்றை அறுத்துத் தள்ளிவிட்டார். வெட்டிப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று கல்லு மாதிரி இருந்தது. அவருக்கு வந்த கோபம் என் பக்கம் திரும்பியது. தொரட்டியை ஏன் அங்கே வைத்தீர் என்று பிடித்துக்கொண்டார். அந்த அம்மா தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏதேன்ல பறிச்சது பொம்பளதான்னு சின்னப் பிள்ளையிலருந்து கேட்டாச்சு. இங்கன நானும் பறிக்கல, பாம்பும் வந்து சொல்லல. ஒத்தையில நீங்களே பறிச்சிட்டு அண்ணாச்சியப் போட்டு ஏன் ஏசுதீங்க?"

மூன்று வருஷம்

தோப்புக் குத்தகைக்காரர்கள் மாறிக்கொண்டேயிருப்பார்கள், நான் மட்டும் மரங்களோடு நிற்கிறேன். போன தடவை வந்தவர் கீழ்ப்பாத்தியில் ரம்புட்டான் ஒட்டுக்கன்று வைத்தார். அன்றுமுதல் எப்போது காய்க்கும் என்று தினம் கேட்பார். புது மரத்தில் முதல் மூன்று வருஷம் காய்ப்பதைத் தின்னக்கூடாது, நாலாம் வருஷத்துக் கனி கடவுளுக்கு, ஐந்தாம் வருஷம்தான் நமக்கு என்று யூதர்களுக்குச் சட்டமே இருந்தது என்று எடுத்துச் சொன்னேன். ஐந்து வருஷம் பொறுக்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை. அவர் கன்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"எனக்குக் குத்தகையே மூணு வருஷத்துக்குத்தான் வே. உம்ம கணக்குப்படி பாத்தா நான் கன்னு வச்சது அடுத்து வாரவனுக்கும் உம்ம சாமிக்கும்தான்."

கொடுத்துவிட்டவள்

அக்காளும் தங்கையும் ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட கதை வேதத்தில் உண்டு. தங்கைக்குப் பிள்ளை இல்லை. அக்காளின் மகன் வயலிலிருந்து தூதாயீம் என்ற கனிகளைக் கொண்டுவருகிறான். அது பிள்ளை வரம் தருகிற பழம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தங்கை அன்றைக்கு ராத்திரி புருஷனையே அக்காளுக்கு விட்டுக்கொடுத்து அந்தக் கனிகளை வாங்கிக்கொள்கிறாள். ஆனால் பழத்தைக் கொடுத்துவிட்ட அக்காள்தான் உண்டாகிறாள். தங்கைக்குப் பிள்ளை வருவது ரொம்ப நாள் கழித்து, பழத்தைப் பற்றின பேச்சே இல்லாத ஓர் இடத்தில். இதை நான் எத்தனை ராத்திரி வாசித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பயம்தான் கூடியது.

தென்காசியில் பழக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டோவோடு வருவார். வருஷா வருஷம் நான் முதலில் விழுகிற நல்ல பழம் ஒன்றைக் குடிசையில் சாக்குப் போட்டு மூடி வைப்பதையும், அது வெடித்து நாறினபிறகு குழி தோண்டிப் புதைப்பதையும் அவர் கவனித்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். பிறகு ஏன் கொடுத்தனுப்பவில்லை என்று கேட்டார். சாப்பிடாதவரைக்கும் சாப்பிட்டுப் பார்க்க ஒன்று பாக்கி இருக்கிறது, சாப்பிட்டும் ஒன்றும் நடக்காவிட்டால் பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன் என்றேன். பாய் ஆட்டோவில் சரக்குக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் இந்தாரும் இந்தாரும்னு எடுத்துக் குடுக்கீரு, சொந்த மவளுக்குன்னு வந்தா மட்டும் சரக்கு மேல சந்தேகம். நீரு காவலுக்குத்தான் வே லாயக்கு, ஏவாரத்துக்கு ஆக மாட்டீரு."

நாலாவது கொப்பு

செங்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இஸ்ரேலில் ஒரு வயதான யூதரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவள், லீவில் வந்திருந்தாள். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தோப்புக்கு வந்தவள், துரியன் பக்கம் போகாமல் வேலியோரத்துக் கிடாரங்காய் மரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நமக்கு அது ஊறுகாய். அந்த இனத்தில் ஒரு பழத்தை யூதர்கள் தங்கள் கூடாரப் பண்டிகைக்குப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவருவார்களாம். அந்தத் தாத்தா அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பாராம். ஒரு புள்ளி இருக்கக்கூடாது, நுனி ஒடிந்திருக்கக்கூடாது. பண்டிகை முடிந்தபிறகு பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவம் வேண்டி அந்த நுனியைக் கடிப்பதும் உண்டாம். எந்தத் தேசத்துக்குப் போனாலும் பழம் என்றால் பிள்ளைதானா என்று எனக்குத் தோன்றியது. குறையில்லாததுதான் கடவுளுக்கும் வேண்டுமாக்கும் என்று முனகிவிட்டேன். எதற்குச் சொல்கிறேன் என்று அவள் கேட்டாள். மகள் சங்கதியைச் சொன்னேன்.

அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பழத்தை மட்டும் தனியாகப் பிடிக்க மாட்டார்களாம், கூடவே மூன்று கொப்புகள். பழத்துக்கு ருசியும் உண்டு, வாசமும் உண்டு. பேரீச்சைக்கு ருசி மட்டும். இன்னொன்றுக்கு வாசம் மட்டும். நாலாவது, ஆற்றோரத்தில் நிற்கிற ஒரு மரத்தின் கொப்பு. தின்னக் காயும் இல்லை, மோந்து பார்க்க வாசமும் இல்லை. மனுஷர்களும் இந்த நாலு வகைதான் என்று தாத்தா அர்த்தம் சொல்வாராம்.

"அப்போ அந்த நாலாவது எதுக்குத் தாத்தா, சும்மா பாரம்தானேன்னு கேட்டேன் அண்ணாச்சி. அத விட்டுட்டா லென்ஸ் வச்சுப் பாத்த பழமும் செல்லாதுன்னுட்டாரு."

ஏலம்

சீசன் முடிகிற சமயம், மகள் வீட்டார் போகிற வேதக்கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, அந்த வாரம் விழுந்ததில் ஆக நல்ல துரியன் ஒன்றைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனேன். வாசம் தாங்காமல் கண்டக்டர் என்னைப் பின்படியிலேயே நிற்கவைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாழைத்தார், சேவல், பூசணிக்காய் என்று எல்லாரையும் சிரிக்கவைத்து ஏலம் விட்டுக்கொண்டிருந்த, அந்தக் கோயிலை நடத்துகிற உபதேசியார், துரியனைத் தூக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். அது எதற்கான பழம் என்று அங்கே தெரியாதவர் யார்? கூட்டம் பழத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு மொத்தமாகத் திரும்பி என் மகளைப் பார்த்தது. கடவுளுக்கு நன்றி சொல்லக் கொண்டுபோன பழத்தால் என் பிள்ளையை நடுச்சபையில் நிறுத்திவிட்டேன். சம்பந்தியம்மா எழுந்து, அது தங்கள் வீட்டுக்குத்தான் தேவை என்று ஒரு தொகையைச் சொன்னார். அதற்கு மேல் ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டே மூன்று தரம் சொல்லி முடித்தார்.

பிறகு அசனப் பந்தி, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அன்றைய பிரசங்கம் அத்திமரத்தைப் பற்றியது. மூன்று வருஷமாகக் கனி தேடி வந்து ஏமாந்த எஜமான் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரன், இந்த ஒரு வருஷம் விட்டுவையுங்கள், சுற்றிக் கொத்தி எரு போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறான். சம்பந்தியம்மா இலையில் கை வைத்தபடி, மூன்று வருஷம் காய்க்காத மரத்துக்கே அந்தத் தீர்ப்பு, நாம் ஐந்து வருஷம் பொறுத்தாச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. தினம் நாலு பேர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவர். மருமகன் தலையைத் தூக்கவில்லை. வாளியோடு ரசம் ஊற்றிக்கொண்டு வந்த பியூலா மாமியார் இலைக்கு முன்னால் நின்றாள். சத்தம் கூட்டாமல்தான் பேசினாள்.

"அத்தை, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மூணு வருஷமும் அந்த எஜமான் வந்து வந்து மரத்தத்தான் பாத்துட்டுப் போயிருக்காரு. கொத்தணும், எரு வைக்கணும்ங்குற நெனப்பே தோட்டக்காரனுக்கு வெட்டச் சொன்ன பெறவுதான வருது? நான் நாலு டாக்டரப் பாத்தாச்சு, உங்க மகன் ஒரு டாக்டரக்கூடப் பாக்கல. ரசம் ஊத்தட்டுமா?"

மருமகன் வந்த காலை

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பகலில் கண் மூடவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். லோன் வேண்டுமா என்று யாரோ கேட்பார்கள். பியூலா பேசினால் சாப்பிட்டாச்சா, மழையா என்பதோடு வைத்துவிடுவாள். துரியன் முடிந்து மங்குஸ்தான் மட்டும் மிச்சமிருந்த ஒரு காலையில் மருமகன் பைக்கில் வந்து இறங்கினார். அவர் தனியாக வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த முடிவைத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன்.

டீ வேண்டாம் என்றார். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வாங்க மாமா, போயிட்டு வாங்க மாமா என்பதைத் தவிர ஐந்து வருஷத்தில் என்னோடு பேசாதவர். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வார்த்தை வந்தது. தென்காசியில் ஒரு டாக்டரிடம் போனாராம், இரண்டு தடவை டெஸ்ட் எடுத்தார்களாம். குறை அவரிடம்தான். மருந்து கொடுத்திருக்கிறார்கள், பார்க்கலாம் என்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. இது யாருக்கும் தெரிய வேண்டாம், என்னால்தான் என்றே நினைத்துக்கொள்ளட்டும், எனக்குப் பழகிவிட்டது என்று பியூலா சொன்னாளாம். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படியே குனிந்திருந்த அவர் பிடரியைப் பார்த்ததும் அந்த நிம்மதிக்காக வெட்கம் வந்தது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன் மாமா. அவ தடுத்தா, நான் கேக்கல. நேத்து அம்மாட்ட நானே சொல்லிட்டேன். ராத்திரி அம்மா அவள உக்கார வச்சு அவங்க கையால சோறு போட்டாங்க, மூஞ்சிய மட்டும் நிமிந்து பாக்கல."

இருபது வருஷமாக மரத்தையே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கினவனுக்குத் தோட்டக்காரனையும் ஒரு தடவை பார்க்கலாமே என்று தோன்றாமல் போனதுதான் என் தொழில் அனுபவத்தின் மொத்தச் சுருக்கம். அவர் பைக் இறக்கத்தில் மறைந்ததும், மங்குஸ்தான் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக் கல்லாகிப் போனதை ஒதுக்க ஆரம்பித்தேன்.