அத்தையின் கன்னத்தில் விழுந்த பிறை

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னே நடந்ததைப் பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேரன் விடாமல் கேட்டதால்தான் எழுதுகிறேன். கம்பெனியில் ஷிப்ட்டு முடிந்து வந்ததும் அவன் ஒரு மலிவான கேமராவைத் தூரக்கண்ணாடியின் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். சந்திரனைப் படம் பிடிக்கிறானாம். இந்தத் தொண்ணூற்றோராம் வருஷத்தில் தான்தான் இதைக் கண்டுபிடித்ததுபோல அவன் பேசியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எங்கள் சித்தப்பா இந்த வேலையைச் செய்து வீட்டைத் தலைகீழாக்கியிருக்கிறார்.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பயிர் வேலை. அவருடைய தம்பியான சித்தப்பா மட்டும் பட்டணத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தார். இருவருக்கும் இளையவள் அத்தை. அவளுக்குக் குன்றத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ரங்கூனில் மர டிப்போவில் வேலை. அவர் வந்து பெண் பார்க்க முடியாது, படம் அனுப்பினால் போதும் என்று அவருடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தைக்கு அதற்கு முன் வந்த இடங்கள் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப் போயிருந்தன. இதையும் விட்டுவிட்டால் அப்புறம் யார் வருவார்கள் என்று என் அம்மா அடுப்படியில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்பா சொன்னபடி சித்தப்பா ஒரு பெட்டிக் கேமராவோடு சைக்கிளில் வந்து இறங்கினார். கடைக்குப் பழுது பார்க்க வந்த ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடியும் பையில் இருந்தது. அவருக்குப் பாதி ஆசை அதன்மேல்தான். படச் சுருளில் முக்கால்வாசி, அப்பா தம்முடைய எருதுகளை நிற்கவைத்து எடுக்கச் சொன்னதிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று அத்தைக்கு, ஒன்று சந்திரனுக்கு என்று சித்தப்பா பங்கு பிரித்தார்.

மத்தியானம் அத்தையைப் பட்டுப்புடவை கட்டி வைக்கோல்போருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார். அன்றைக்கு மூன்றாம் பிறை. பிறை தெரியும் நேரம் கொஞ்சம்தான் என்பதால், அடுத்த நிமிஷமே ஆணியும் சுத்தியுமாக உட்கார்ந்துவிட்டார். தூரக்கண்ணாடியில் நாம் கண் வைக்கிற இடத்தில் கேமராவின் கண் வந்து பொருந்த வேண்டும், இம்மியும் விலகக் கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பூஜைக்கு உட்காரும் மணைப்பலகையில் இரண்டையும் நேராக வைத்து, சுற்றி ஆணி அடித்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகக் கட்டுவது. நடுவில் வெளிச்சம் புகாமல் பழைய குடைத்துணியைச் சுற்றினார்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "தம்பி, இன்னா பண்றே நீ? சாமி கும்புடுற மணை அது!"

"ரெண்டே ஆணிதான் அண்ணி."

"போன வாட்டி கிரகணம் பாக்கறேன்னு என் சல்லடைய எடுத்துகினு போனே. இன்னிக்கும் அதுல மாவு ஒரு பக்கமாத்தான் வுழுது."

மணையை எதன்மேல் ஏற்றுவது? மாட்டுவண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்தால் அதன் ஏர்க்கால் வானத்தைப் பார்த்து நிற்கும் அல்லவா? அதில் வைக்கோல் பிரியை மெத்தைபோலச் சுற்றி, மேலே மணையைக் கட்டினார். சந்திரன் பக்கம் திருப்ப வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து வண்டியையே திருப்ப வேண்டும். பின்பக்கம் பாரத்துக்கு நானும் அத்தையும் ஏறி உட்கார்ந்தோம்.

"வண்டிய குடை சாய்ச்சி வச்சிகினு இன்னாடா கூத்து இது? ஊரே சிரிக்குது" என்றார் அப்பா.

"மூச்சு வுடாதீங்கண்ணா, ஆடுது!" என்றார் சித்தப்பா. அப்பா நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டார். ஊரார் பிறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கேமராவின் கண்ணைத் திறந்து, நாலைந்து எண்ணி மூடினார். அத்தை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தது என் முதுகில் தெரிந்தது.

அவசரத்தில் நடந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் பக்கத்திலுள்ள திருகைத் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும். குடைத்துணியைச் சுற்றுகிற மும்முரத்தில் சித்தப்பா அதை மறந்துவிட்டார். சுருளில் அத்தையின் படம் விழுந்த இடத்திலேயே பிறையும் போய் விழுந்தது.

அதை நாங்கள் முதலில் பார்த்திருந்தால் சிரித்துவிட்டு வேறு எடுத்திருப்போம். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டணத்தில் இருந்தவர். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று, சித்தப்பா சுருளைக் கழுவக் கொடுத்த ஸ்டுடியோவில் அவரே படத்தை வாங்கிக் குன்றத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார். நாலு நாள் கழித்து அங்கிருந்து படத்தோடு ஆள் வந்தது. பெண்ணுக்குக் காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் வெள்ளை இறங்கியிருக்கிறதாம். மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்த்தீர்களா என்று கேட்டார்களாம்.

அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். வெண்குஷ்டம் என்று ஒரு பேச்சு ஊரில் கிளம்பினால் அத்தைக்கு இந்த இடம் மட்டுமா போகும்? சித்தப்பா குன்றத்தூருக்கு ஓடினார். அது பிறை, அடுத்த மாதம் மூன்றாம் பிறையன்று உங்கள் கண்முன்னால் எடுத்துக் காட்டுகிறேன், தூரக்கண்ணாடியில் நீங்களே பாருங்கள், அதே வளைவு இருக்கும் என்று கெஞ்சிக் கூத்தாடி மாப்பிள்ளையின் அம்மாவைச் சம்மதிக்கவைத்தார்.

மறுமாதம் அவர்கள் வந்த அன்று வானம் மூடிக்கொண்டது. எங்கள் ஊரிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் சாயங்காலம் துடைத்துவிட்டதுபோல வானம் தெளிந்தது. ஆனால் அது நாலாம் பிறை. நாலாம் பிறையை யாராவது பார்ப்பார்களா? மாப்பிள்ளையின் அம்மா வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க பாக்க வேணாம் அம்மா, கேமரா பாக்கட்டும்" என்றார் சித்தப்பா.

"அப்புறம் படத்துல நான் பாக்கணும் இல்ல? படத்துல பாத்தா மட்டும் பாவம் வுட்ருமா?"

சித்தப்பா கட்டிவைத்திருந்த மணையும் வண்டியும் சும்மா நின்றன. இருட்டுவதற்குள் அந்த அம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். "சந்திரன் கதையெல்லாம் எனக்கு எதுக்கு? பொண்ண மூஞ்சி கழுவச் சொல்லுங்க. என் எதிர்ல. சீயக்காய் போட்டு."

அத்தை கிணற்றடிக்கு வந்தாள். சொம்பில் தண்ணீர் ஊற்றியது நான்தான். அவள் தேய்த்தாள். "இன்னும் கொஞ்சம். காது பக்கம்" என்றது குரல். மறுபடி தேய்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்து, அத்தையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்துக் கன்னத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.

"சுத்தமாத்தான் கீது" என்றாள்.

அம்மா விளக்குக்குக் கும்பிடு போட்டாள். அப்பா சத்தமாகச் சிரித்தார். அங்கேயே வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றினார்கள். கடலை உருண்டை என் கைக்கு இரண்டு வந்தது. சித்தப்பா மட்டும் சாப்பிட வராமல் வண்டியடியில் உட்கார்ந்து மணையிலிருந்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் போய், "படத்துல சந்திரன் நல்லா வந்திச்சிண்ணா" என்றாள். சித்தப்பா தலை நிமிரவே இல்லை. தூரக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்ற வருத்தம் என்று நான் நினைத்தேன்.

அத்தை உள்ளே போய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். கண் இரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. நல்ல இடம் அமைந்த நாளில் யாராவது அழுவார்களா? சீயக்காய்தான் கண்ணில் போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, அவள் தலையை மடியில் வைத்து, கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எரிச்சல் போச்சா அத்தே?" என்று கேட்டேன். "போச்சுடி கண்ணு" என்றாள். வைத்தியம் பலித்ததில் எனக்கு ஒரே பெருமை.

இதில் மாதம் தப்பாக இருக்கலாம். ஆவணி என்று எனக்கு ஞாபகம். ஐப்பசி என்கிறான் என் தம்பி; அவன் அப்போது தொட்டிலில் கிடந்தவன். நாலாம் பிறை எவ்வளவு நேரம் வானத்தில் நிற்கும் என்பதையும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அது ஜன்னலை விட்டு இறங்கி மறையும்வரை அத்தை என் மடியிலேயே படுத்திருந்தாள். எனக்கு அது ரொம்ப நேரமாகப் பட்டது.