வில்லனுக்கு இரண்டு சாட்சிகள்

பத்திரம் எழுதுகிறவனை நம்பி நிலத்தையே ஒப்படைப்பார்கள், கையெழுத்து விஷயத்தில் மட்டும் சந்தேகப்படுவார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருந்தேன். கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சில், கறுப்பு வெள்ளைக் காலத்து டி.வி. நாடக நடிகர்களெல்லாம் மெட்ராஸிலிருந்து மனை வாங்க வந்தார்கள். எனக்கோ அவர்கள் கையெழுத்தைச் சேர்க்கும் பைத்தியம். இதே வியாதி உள்ளவர்களுக்கு அந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

தபாலில் வந்த டாக்டர்

நாடகத்துக்கு நாடகம் டாக்டராக வரும் ஒருவர் பதிவுக்கு வந்தார். கடிதம் போட்டு வரவழைத்த அவருடைய கையெழுத்திட்ட படம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. பெருமையாகக் காட்டினேன். பத்திரம் எழுதக் காத்திருந்த பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, "இது என் கையெழுத்தே இல்லையே சார்!" என்றார். ரசிகர்களுக்கெல்லாம் அவருடைய மைத்துனர்தான் போட்டு அனுப்புகிறாராம். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பெஞ்சு எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டது.

பத்திரக்காரன் கள்ளக் கையெழுத்துப் போடுகிறான் என்று பேச்சு கிளம்பினால், அப்புறம் மேஜையை மடக்க வேண்டியதுதான். நிலப் பத்திரம் எழுத வந்திருந்த மண்ணூர் முனுசாமி, என்னிடம் கொடுத்திருந்த, நிலத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தை அன்று சாயங்காலமே திருப்பிக் கேட்டார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தலையைச் சொறிந்தபடி ஒப்புக்கொண்டார். "கோச்சிக்காத சார், வூட்ல பயந்துக்கினு கீறாங்கோ."

மாமியாரின் விரல்

அத்தோடு தபால் கையெழுத்தைத் தலைமுழுகினேன். நேரில் கையெழுத்து, பக்கத்தில் இடது கட்டைவிரல் ரேகை, கீழே இரண்டு சாட்சி. பத்திரத்துக்கு என்ன முறையோ, என் ஆல்பத்துக்கும் அதுவே. முதலில் அகப்பட்டவர் கொடுமைக்கார மாமியாராக நடிக்கும் அம்மா. நேரில் தங்கமானவர், தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு இட்லி எடுத்துக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார். மைப்பெட்டியை நீட்டியதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வெறும் பேப்பர்ல ரேகை வெச்சா, மேல நீ என் மனையை எழுதிக்க மாட்டேன்னு என்ன தம்பி நிச்சயம்?"

காதல் மன்னன்

அடுத்து வந்த காதல் கதாநாயகர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். பத்திரத்தில் உள்ளபடியே ஆல்பத்திலும் தம் நிஜப் பெயரைப் போட்டார்: குப்புசாமி. வீட்டில் ஆசையாகக் காட்டினேன். என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருங்க இது, இன்சூரன்ஸ் ஏஜெண்டா?"

சாட்சிக்கு ஆள் இல்லை

முனுசாமியின் கெடு முடிகிற நாளில் டி.வி. வில்லன் வந்தார். பொய்ப் பத்திரம் காட்டி ஊரார் நிலத்தைப் பிடுங்குவதுதான் நாடகத்தில் அவர் வேலை. நிஜத்தில் பரம சாது. நான் ஆல்பத்தை நீட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே விரலை மையில் தோய்த்தார். "என்கிட்ட யாரும் கையெழுத்தே கேட்டதில்ல சார், ஒதுங்கித்தான் போவாங்க" என்றார்.

ஒரு சாட்சி அவருடைய கார் டிரைவர். இன்னொருவருக்குத்தான் திண்டாட்டம். அந்த ஆளுக்குச் சாட்சியா என்று பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. டீ வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சியும் பயனில்லை. சாட்சி இல்லாத கையெழுத்து எனக்கு வேண்டாம் என்று ஆல்பத்தை மூடப் போனேன். தாய்ப்பத்திரம் வாங்க வந்து அதுவரை ஓரமாக நின்றிருந்த முனுசாமி, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெளையாட்டுக் கையெழுத்துக்கே இம்மாம் சாட்சி தேடிக்கினு கீற, என் நெலத்துல இன்னா தப்பு பண்ணிடப் போற? நம்ம பத்திரத்தையும் நீயே எழுது சார்."

வருஷக்கணக்காக ஒழுங்காக எழுதியும் கிடைக்காத நல்ல பெயரை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது, ஒரு வில்லனின் இடது கட்டைவிரல்.