வேலிக்கு இந்தப் பக்கம் அரசாங்கம்

கொரோனா காலத்தில் எங்கள் ஒழுங்கையின் வீடுகளில் அரசாங்கத்தின் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை. அந்த வேலையை நானாகவே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எதிர்க்கட்சி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மனைவியின் அண்ணன், என் வயதுக்காரர், வாவியில் வலை போடுகிறவர். ஊரடங்கில் அவருடைய தோணி கரையில் கிடந்தது; நான் வேலை பார்க்கும் கந்தோர் பூட்டிக் கிடந்தது. ஆகவே காலையில் தேநீரோடு வேலியடிக்கு வந்து இருவரும் நாட்டை ஆளத் தொடங்குவோம்.

“ஊரடங்க விடியத் திறக்கிறாங்கள், பின்னேரம் போடுறாங்கள். அதுக்குள்ள ஊர்ச்சனம் முழுக்கச் சந்தைக்குள்ள. நோய் பரவ இதவிட நல்ல ஏற்பாடு இரிக்கா மச்சான்?” என்பார் அவர்.

“மத்த நாடுகளப் பாரு. நம்மட அரசாங்கம் கெட்டித்தனமாத்தான் செய்யுது.”

“வெளிநாட்டு மஞ்சள் இறக்குறதையும் நிப்பாட்டிப்போட்டாங்கள். வாசல்ல தெளிக்க என்ன செய்யிற?”

“மஞ்சளக் கண்டு கிருமி கிறுகிப் போயிருமா?” என்று விஞ்ஞானம் பேசினேன். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் கரண்டி மஞ்சளைக் கரைத்து அன்று விடியற்காலையில் எங்கள் வாசலில் தெளித்தவன் நான்தான். நல்லவேளையாக அவர் அதைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்கள்ர மையத்த அடக்க விடாம எரிக்கிறாங்களே. மீன் எடுக்க வாற காத்தான்குடி நானா போன்ல அழுதான். அதுக்கும் உன்னட்ட விளக்கம் இரிக்கா?”

தேநீர் ஆறுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். தேநீரை அப்போதே குடித்து முடித்திருந்தேன்.

மறுநாள் எனக்குப் பிடித்த பகுதிக்குத் தாவினேன். தனிமைப்படுத்தல் முகாமும் அதற்கு ஆளேற்றும் பஸ்ஸும். “சந்தேகம் எண்டா விசாரணை என்னத்துக்கு? ஏத்து. பக்கத்து வீட்டுக்காரன் அறிவிக்க வேணும். அது அவன்ட பொறுப்பு” என்று வேலிக்கம்பில் தட்டிச் சொன்னேன்.

அந்தப் பேச்சு அடங்குவதற்குள், அதற்கடுத்த காலையில், மச்சான் மூக்கை உயர்த்தி, “கருவாடு பொரிக்கிறீங்க போல. இஞ்ச வரைக்கும் மணக்குது” என்றார்.

“கருவாடா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் எங்கள் குசினிப் பக்கம் திரும்பிப் பலமாக மூச்சிழுத்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

“மச்சான், மூக்கு வேல செய்யல்லையோ?”

“ஆதாரம் இல்லாம ஆரையும் பஸ்ஸில ஏத்தேலாது” என்றேன். “மனிசனுக்கு உரிமை எண்டு ஒண்டு இரிக்கு.”

“நேத்து ஏத்தச் சொன்னாய்.”

“அது பொதுவாச் சொன்னது.”

“மறுகா, பக்கத்து வீட்டுக்காரன்ட பொறுப்பு எண்டும் ஒண்டு சொன்னாய்” என்றபடி சாரன் மடிப்பிலிருந்து கைபேசியை எடுத்தார்.

மனைவிக்குக் காரணம் தெரிந்திருந்தது. “விடிய வேது, பின்னேரம் வேது. கொதிக்கிற ஆவியில மூஞ்சிய அவிச்சுப்போட்டு, மூக்குக்குள்ள தைலத்தயும் அப்புறீங்க. மறுகா எப்பிடி மணக்கும்?” என்று தைலப் போத்தலை எடுத்து ஒளித்து வைத்தாள். நான் நம்பவில்லை. நடுங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு இவ்வளவு சின்னக் காரணம் போதாது. இரண்டு சாரன், பல்தூரிகை, சுடுதண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் பையில் அடுக்கினேன். நோய்க்குப் பயந்ததைவிட அந்த பஸ்ஸின் யன்னல் இருக்கைக்குத்தான் அதிகம் பயந்தேன். ஒழுங்கை முழுவதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். முன்வரிசையில் மச்சான் தேநீரோடு நிற்பார்.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. நான் கோழிக்கூட்டின் பின்னால் பாய்ந்து குந்தினேன். மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு, உலகத்தின் ஆகப் பழைய நாற்றம் ஒன்று மூக்குக்குள் ஏறியது. கோழி எச்சம். அதைப்போல ஒரு வாசனையை நான் வாழ்க்கையில் முகர்ந்ததில்லை.

“மணக்குது” என்று எழுந்து நின்றேன்.

எதிரே பரிசோதகர். பக்கத்தில் மனைவி. அவர் வந்திருந்தது கொரோனாவுக்கு அல்ல, டெங்குவுக்கு. என்னைப் பார்த்தார், பிறகு என் காலடியில் மழைத்தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைப் பார்த்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

“இத ஒளிக்கத்தான் இஞ்ச குந்தி இரிந்தீங்களா ஐயா? திரும்ப வருவன். அப்பயும் இரிந்தா வழக்குத்தான், கோட்டுக்குப் போக வரும்.”

“வடிவாப் பாருங்க சேர்” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “அரசாங்கம் கெட்டித்தனமாத்தான் செய்யுது.”

பரிசோதகர் போனதும் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டே மச்சானைக் கேட்டேன். “நீதான் அறிவிச்சியோ?”

“விசரா உனக்கு? உன்னக் கொண்டு போனா நான் ஆரோட சண்ட பிடிக்கிற?”

கடைசிச் சிரட்டையையும் கவிழ்த்தேன். பிறகு, “அந்த மையத்து விசயம்” என்றேன். “நீ கேட்டது சரிதான். அதுக்கு என்னட்ட விளக்கம் இல்ல.”

மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான்,” என்றார் அவர், “மூக்கோட சேத்து நெஞ்சும் வேல செய்யத் தொடங்கிட்டோ?”