ஐஸ் கடை அக்காவின் ரயில்கள்

பழவேற்காட்டில் படகுகள் மீன் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. அகலமான தோள்கள், ஐஸ் உடைத்துக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளால், பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்யும் பழைய பொம்மை ரயில்களைச் சேர்த்துவந்தார். சென்னையில் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி, மீன் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார். எல்லாமே கையால் தள்ளுபவை.

மோட்டார் வைத்த ரயில் ஒன்று பல வருடத் தேடலுக்குப் பிறகு கிடைத்தது. தண்டவாளத்தில் பதித்த உலோகத் தகடு வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போகும். வலை, கூடை எல்லாவற்றையும் அலசுவதுபோல் அக்கா தண்டவாளத்தையும் உப்பு ஏரித் தண்ணீரில் அலசிவிட்டார். உப்பில் தகடு பச்சை பூத்தது. ரயில் அசையவில்லை.

என் நைனாவின் படகுக்கு ஐஸ் வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே, உங்க வூட்லயே மொதல்ல காலேஜ் போனவ நீ. இத்த ஓட வெக்க மாட்டியா?"

"உப்புத் தண்ணில யாராவது கரண்டு சாமான கழுவுவாங்களாக்கா?"

"நாறுச்சுமே!"

ரோஷத்தோடு உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தேன். ரயில் ஒரு சாண் ஓடி நின்றது. அதற்குமேல் தகடு அரித்துப்போயிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் போனபோது, ரயில் நின்ற இடத்தில் சிவப்புக் கட்டைகளால் ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சாண்தானேக்கா ஓடுது?"

"ஓடுதுல்ல? எறங்குறவங்க எங்க நிப்பாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து, பிளாட்பாரத்துக்கு ஏற்ற நீளமான கட்டைகளைத் தேட ஆரம்பித்தேன்.