நைட்டிக்கு மேலே ஒரு துண்டு

போன ஞாயிறு காலை, சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்குக் காய்கறி வண்டி வந்தது. மைக்கில் 'தக்காளி' என்று கேட்டதுமே பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம், நைட்டியோடு. நைட்டிக்கு மேலே ஆளுக்கொரு துண்டு. உங்கள் தெருவிலும் இதுதானே யூனிஃபார்ம்?

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்புக்கு மேலே எதை மூடுகிறோம்? யாருக்குத் தெரியும்! அன்று அவசரத்தில் நான் போட்டுக்கொண்டு வந்தது என் கணவரின் குளியல் துண்டு. ஈரம் வேறு.

அப்போதுதான் ஜெஸ்ஸி வந்தாள். தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த கணக்கு டீச்சர். கிட்டத்தட்ட என் வயது. ட்ராக் பேன்ட், டி-ஷர்ட். துண்டு கிடையாது, துப்பட்டா கிடையாது. இரண்டு கையாலும் பரபரவென்று பொறுக்கினாள். நானோ ஒரு கையில் துண்டைப் பிடித்தபடி, மிச்சமிருந்த ஒற்றைக் கையால் துழாவிக்கொண்டிருந்தேன். நல்ல தக்காளியெல்லாம் அவள் பைக்குப் போய்விட்டது.

வயிறு எரிந்தது. தக்காளிக்காக இல்லை.

"என்னக்கா இது, ஜென்ட்ஸ்லாம் இருக்காங்க..." என்று காதைக் கடித்தாள் மூன்றாவது மாடி சுமதி. நானும் தலையை ஆட்டிவைத்தேன். கண் என்னவோ அந்தப் பேன்ட்டின் பாக்கெட் மேலேயே இருந்தது. சாவி, போன், சில்லறை எல்லாம் அதற்குள்ளே!

ஜென்ட்ஸா? என் கணவர் சட்டையில்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். 'லேடீஸ் இருக்காங்க' என்று அவரிடம் இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா? ஜெஸ்ஸி மேல் பாதிப் பொறாமை என்றால், மீதி இவர் மேல்.

என்னிடமும் ஒரு ட்ராக் பேன்ட் உண்டு. சுகருக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று ஆசையாக வாங்கியது. போட தைரியம் வராமல் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தூங்குகிறது. நடையும் அதோடு நின்றுபோனது. சுகர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மறுநாள் காலை அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். கணவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"மேல எதையாவது போட்டுக்கோயேன்" என்றார், தன் மேல் ஒன்றுமே இல்லாமல்.

"நீங்க போட்டுக்கோங்க" என்று அவர் துண்டை அவர் தோளிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, கை கேட்கவில்லை. இல்லாத துப்பட்டாவைச் சரிசெய்யத் தோளுக்குப் போய்ப் போய் வந்தது. ரேஷன் கடை தாண்டியதும்தான் அலுத்துப்போய் பாக்கெட்டுக்குள் அடங்கியது. அப்புறம் நடந்தேன் பாருங்கள்... கேம்ப் ரோடு வரை!

திரும்பி வரும்போது படிக்கட்டில் சுமதி. துண்டைப் பிடித்தபடி என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்தாள். கண்டிக்கிறாள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?

கடைசியில் அது வந்து நின்ற இடம், என் பாக்கெட்!