சீனி சேர்க்காதது

எங்கள் ஊரில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர். சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது, இல்லையென்றால் வியாதி. அந்த வியாதியையும் பாதிப்பேர் சீனி என்றே சொல்லுவார்கள். "எனக்குச் சீனி இருக்கு, காப்பில போட்டுராதீங்க" என்று ஒருவர் சொன்னால் வெளியூர்க்காரர் முழிப்பார். திருநெல்வேலியில் யாரும் முழிக்கமாட்டோம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். இந்தச் சொல் என்னை ஏமாற்றிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

எனக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் உத்தியோகம். பெயர்தான் நீளம். ஓட்டல் அடுப்படி, ஐஸ் பெட்டி மீன், சாயம் போட்ட பட்டாணி என்று நாள் முழுக்க அலைச்சல். பொட்டலத்தின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. கெட்டுப்போன மீனை யார் மூக்கும் கண்டுபிடித்துவிடும், பொட்டலத்தில் இருக்கிற பொய்க்கு வாடை கிடையாது. அதை உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கொஞ்சம் குறைச்சல் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் புகார் எழுதியிருந்தார். காலிப் பொட்டலம் ஒன்றையும் மடித்து உறைக்குள் வைத்திருந்தார். கருப்பட்டிச் சத்துமாவு. "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது, தினமும் இருவேளை" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித் தன் தாயார் குடித்ததாகவும், மயக்கம் போட்டு விழுந்த பிறகுதான் சர்க்கரை ஏறிப்போன விஷயம் தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. கோபத்தில் எழுதியது என்று சொல்லவே முடியாது.

அந்த மாவைத் தயாரித்து விற்கிற டவுன் கடைக்குப் போனேன். சுத்தமான கடை. குறை சொல்ல ஆசைப்பட்டுத் தேடினாலும் ஒரு பல்லி எச்சம்கூடக் கிடைக்காது. அந்த வாசகத்தை நீக்கவேண்டும், தவறினால் வழக்கு என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் கடைக்கார அண்ணாச்சி, புதுப் பொட்டலத்துக்கான அச்சு மாதிரியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பச்சை எழுத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"சார், எங்க அப்பா காலத்துல இருந்து கருப்பட்டி யாவாரம். ஒரு சிட்டிகை சீனி கலந்ததில்ல. வேணும்னா மூடையப் பிரிச்சுப் பாருங்க."

"கலப்படம்னு நான் சொல்லல அண்ணாச்சி. சீக்காளிக்கு உகந்ததுன்னு போட்டிருந்தீங்கள்லா, அதச் சொல்லுதேன். கருப்பட்டியும் உடம்புக்குள்ள போனா சர்க்கரைதான்."

"சரி சார், எடுத்தாச்சு. ஆனா ஒண்ணுமே போடலன்னா எவன் வாங்குவான்? நாலு பேரு பொழைக்காங்க இதுல. தப்பில்லாம நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

கெஞ்சவில்லை, கையில் ஒன்றும் திணிக்கவும் இல்லை. அப்படித் திணித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்; சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். மரியாதையாகக் கேட்டார். என்னிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டால் நான் உருகிவிடுகிற ஆள். பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தில், "சீனி சேர்க்காதது" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி வாசித்துப் பார்த்து, "இது போதும் சார்" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் மேலதிகாரியின் ஆய்வுக்கூட்டம். முடிக்காத புகார்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையாக நிற்கவைத்துக் கேட்பார்கள். இந்தப் புகாரை நான் முடித்திருந்தேன். "குறை நீக்கப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வழக்கம்போல அண்ணாச்சிக்கும் ஒரு நகல் அனுப்பினேன். புகார் எழுதிய மேலப்பாளையத்துக்காரருக்கும் ஒன்று போனது. அவர் பதில் எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து என் அக்காளுக்குக் காலில் புண் என்று போன் வந்தது. அக்கா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் கல்யாணத்துக்கே கிளம்புவாள். அத்தான் இறந்த பிறகு தனியாக இருந்தாள். சர்க்கரை பத்து வருஷமாக உண்டு; ஆனால் ஒழுங்காக வைத்திருந்தாள். செருப்புக் கடித்த சின்னப் புண், ஆறவே இல்லை. யாருக்கும் சொல்லாமல் மஞ்சளை வைத்துக் கட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

மாற்றுச்சேலை எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்களை அலமாரியில் அந்தச் சத்துமாவுப் பொட்டலங்கள் மூன்று வரிசையாக இருந்தன. ஒன்று பாதி காலி. பச்சை எழுத்தில், எனக்குத் தெரிந்த அதே இரண்டு வார்த்தை. சேலையோடு அந்தப் பாதிப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அவளிடம் கேட்டேன்.

"இத எங்கன வாங்குன? யாரு சொல்லி வாங்குன?"

"யாரு சொல்லணும்? எனக்கு வாசிக்கத் தெரியாதா? சீனி இல்லன்னு போட்டிருக்குல்லா. அதுக்கு மேல, கடைக்குள்ள உன் லெட்டர லேமினேசன் பண்ணித் தொங்க விட்டிருக்கான்லே. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ பாத்து விட்ட சரக்குன்னுதான் வாங்குனேன். இதக் குடிக்கோமேன்னு ராத்திரி மாத்திரையக்கூட நிறுத்திட்டேன்."

குறையைக் கண்டுபிடித்ததற்காக நான் எழுதிய கடிதம், அங்கே குறையில்லை என்பதற்கு அத்தாட்சியாகத் தொங்கியிருக்கிறது. போகிற வருகிற எத்தனை சீக்காளிகள் அதை அண்ணாந்து பார்த்தார்களோ. அக்காளைப்போல எத்தனை பேர் மாத்திரையைக் குறைத்தார்களோ. அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் கிடையாது.

கோபத்தோடு மாதிரி எடுத்தேன், ஆய்வகத்துக்கு அனுப்பினேன், மக்களைத் தவறாக எண்ணவைக்கும் வாசகம் என்று வழக்குப் போட்டேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் விசாரணை. அண்ணாச்சி வக்கீல் வைக்கவில்லை. நான் அன்று பேனாவால் எழுதிக் கொடுத்த அச்சு மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்து, விசாரிக்கிற அதிகாரியின் மேஜையில் பைய விரித்தார்.

"இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ஆமா சார்."

அவர் விதிப் புத்தகத்தைத் திருப்பி வாசித்தார். இனிப்புக்குக் கருப்பட்டி சேர்த்தாலும் சேர்த்ததுதான். அப்படிப்பட்ட பொருளில் சர்க்கரை சேர்க்காதது என்ற பொருள்பட எதையும் போடக்கூடாது. வாசித்துவிட்டு, அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வாசகத்தை நீக்கவும், கடைகளில் கிடக்கும் பொட்டலங்களைத் திரும்ப எடுக்கவும் உத்தரவானது. அண்ணாச்சிக்கு அபராதம், எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. வெளியே வந்ததும் அண்ணாச்சி, "உங்களக் காட்டிக் குடுக்கணும்னு செய்யல சார், நடந்ததச் சொன்னேன்" என்றார். அவர்மேல் கோபப்பட முயற்சி செய்தேன், வரவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகும் அவளிடம் இதைச் சொல்லாமலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன், நாலு பக்கம். அதெல்லாம் எனக்கு வரும். அவளிடம் நாலு வார்த்தை சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளோ நான் போகும்போதெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள்.

"தப்பு எம் மேலதாம்லே. சீனி சேர்க்காததுன்னுதான் போட்டிருக்கான். சீனிக்காரங்க குடிக்கலாம்னு எங்கன போட்டிருக்கான்? இல்லாததச் சேத்து வாசிச்சது நானு. அப்படி வாசிக்காதீங்கன்னு முப்பது வருசமா பிள்ளைங்கள ஏசியிருக்கேன். வயசாச்சுன்னா புத்தி மழுங்கிரும் போல."

மூன்று விரலோடு இருந்த காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு அவள் இதைச் சொன்னாள். விரல் போனதைவிட, தனக்கு வாசிக்கத் தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய துக்கமாக இருந்தது. இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த வார்த்தைய அவங்க போடல. நான் எழுதிக் குடுத்தது."

 ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன்.

"எழுதும்போது, நம்ம ஊர்க்காரன் அத எப்படி வாசிப்பான்னு உனக்குத் தெரியுமாலே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மெமோவுக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த அண்ணாச்சி "இது போதும் சார்" என்று சிரித்தபோது ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோப்பு முடிந்தால் சரி என்று நானும்தான் சிரித்தேன்.

"தெரியும்க்கா."

அக்கா காலைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்போ நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாள்.