பச்சைமலைக்குச் சொல்லாமல் போனது

அந்த அறிவிப்பை என் சிநேகிதிதான் செல்போனில் பார்த்தாள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் காட்டு வழியாகவோ மலை வழியாகவோ ஒரு பயணம் போக, ஏதோ ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறதாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தொடங்குகிற இடத்திலிருந்து முடிக்கிற இடம்வரை சொந்த உடம்பின் பலத்தில் போக வேண்டும். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், துடுப்புப் போடலாம். மோட்டார் கூடாது.

இருவரும் சேலத்தில் ஒரே கல்லூரி. அவள் அஸ்தம்பட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குத் தவறாத குடும்பம். அம்மா ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். நான் நாமக்கல் பக்கம், தோட்டத்து வீடு. அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. கோழிகளை விட்டு ஒரு நாளுக்கு மேல் வெளியூரில் தங்கியதே இல்லாத மனிதர்.

விண்ணப்பத்தை விளையாட்டாகத்தான் நிரப்பினோம். சேலத்திலிருந்து சைக்கிளில் ஆத்தூர், அங்கிருந்து கெங்கவல்லி, அடிவாரத்தில் சைக்கிளை வைத்துவிட்டு நடந்து பச்சைமலை ஏறி இறங்குவது, பிறகு மீண்டும் சைக்கிளில் நாமக்கல். வழியில் பார்க்கிற ஓடைகளையெல்லாம் குறித்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தோம். இரண்டு மாதம் கழித்து உதவித்தொகை கிடைத்ததாகக் கடிதம் வந்தபோது அவள் விடுதி மாடிப்படியில் நின்று கத்தினாள். நான் வீட்டில் என்ன சொல்வது?

அவள் தன் அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டாள். ஒரு வாரம் வாக்குவாதம் நடந்து, ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வர வேண்டும், தினமும் பேச வேண்டும் என்கிற பேச்சோடு முடிந்தது. நான் சொல்லவில்லை. கல்லூரியில் களப்பணி, ஒரு வாரம் ஊருக்கு வர முடியாது என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். "செரி சாமி, நேரத்துக்குச் சாப்புடு" என்றார். அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் என்னை உறுத்தியது.

முதல் மூன்று நாளும் நன்றாகத்தான் போயின. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் லாரிகள் உரசிக்கொண்டு போகும் பெரிய சாலையை விட்டு, முடிந்த இடமெல்லாம் உள்ரோடுகளில் மிதித்தோம். வாழப்பாடியில் ஒரு தேவாலய வளாகத்திலும் ஆத்தூரில் அவளுடைய உறவினர் வீட்டிலும் அடிவாரத்து ஊரில் ஒரு வீட்டிலும் தங்கினோம். அப்பா தினமும் முட்டை எடுத்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் என்னைக் கூப்பிடுவார். அந்த நேரத்துக்கு நான் சைக்கிளை ஓரங்கட்டி, லாரிச் சத்தம் கேட்காத மர நிழலாகப் பார்த்து ஓடுவேன்.

"சாப்ட்டயா?"

"சாப்ட்டனுங்கப்பா."

"ஹாஸ்டல்லயா?"

"ஆமாங்க."

போனை வைத்ததும் சிநேகிதி என் குரலிலேயே "ஆமாங்க" என்று பழித்துக் காட்டுவாள். சிரிப்பேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அரைமணி நேரம் சைக்கிள் கனமாக இருக்கும்.

நான்காம் நாள் காலை அந்த அடிவாரத்து வீட்டிலேயே சைக்கிள்களை வைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். வழிகாட்டியாக வந்தவர் மலைமேல் ஊரைச் சேர்ந்த ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் மளிகைச் சாமான் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு. நாங்கள் விலை கொடுத்து வாங்கிய காலணிகளோடு மூச்சு வாங்க, அவர் பேசிக்கொண்டே ஏறினார். வனத்துறைக்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பதினொரு மணி இருக்கும். பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். பாதை ஒரு பெரிய பாறையை ஒட்டி வளைந்தது. முன்னால் போன சிநேகிதி வழுக்காமலிருக்கக் கையிலிருந்த கம்பைப் பாறை இடுக்கில் ஊன்றினாள். கூழாங்கற்களை உருட்டினாற்போல ஒரு சத்தத்தோடு பெரிய பெரிய குளவிகள் கூட்டமாக எழுந்தன.

"கதண்டு! ஓடாதீங்க, படுங்க!" என்று அக்கா கத்தினார்.

அவள் ஓடிவிட்டாள். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அக்கா மூட்டையைப் போட்டுவிட்டு என் பையில் மழைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு ஓடி, அவளைக் கீழே தள்ளி அதால் மூடி மேலேயே படுத்துக்கொண்டார். என் கையில் ஒன்று கொட்டியது. நெருப்புக்கட்டியை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு கிடந்தேன். சத்தம் அடங்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

எழுந்து பார்த்தபோது அவள் கழுத்திலும் தலையிலும் ஏழெட்டு இடம். பத்து நிமிடத்தில் கண் இமைகள் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. வாந்தி எடுத்தாள். "மூச்சு விட முடியலடி" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை.

அக்கா நேரம் கடத்தவில்லை. கீழே இறங்க இரண்டு மணி நேரமாகும், மேலே கொஞ்சம் ஏறினால் பைக் வரும் மண்பாதை இருக்கிறது என்றார். இருவரும் அவளைத் தாங்கித் தூக்கி அங்கே கொண்டுபோனோம். அங்கிருந்து அக்கா குரல் கொடுக்க, மேலே தோட்டத்தில் இருந்த அவருடைய தம்பி பைக்கோடு வந்தார். அவர் ஓட்ட, நடுவில் சிநேகிதி, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா. நான்காவது ஆளுக்கு இடமில்லை.

"நீங்க மேல எங்க வீட்டுக்குப் போய் இருங்க பாப்பா" என்றார் அக்கா.

"நான் கீழ வரேன்க்கா."

"அப்போ அந்தப் பாறைப் பக்கம் போகாதீங்க. இந்த ஓடையில எறங்குனா பாறைக்குக் கீழ நாம ஏறிவந்த பழைய தடத்துலயே கொண்டு விட்டுரும். பாத்துப் போங்க."

பைக் திரும்பும்போது சிநேகிதியின் தலை அக்காவின் தோளில் சாய்ந்து ஆடியது. அதைத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

தண்ணீர் வற்றிய ஓடையில் கற்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் முழுதாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் கால் வைத்ததும், ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டே இருந்ததும், அவளுக்காக அவளுடைய ஜெபத்தை எனக்குத் தெரிந்த அளவில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டே வந்ததும்தான் ஞாபகம். ஓடை பழைய தடத்தில் சேர்ந்த இடத்தில் செல்போன் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. அக்காவாக இருக்கும் என்று பதறி எடுத்தேன். அப்பா.

"சாப்ட்டயா சாமி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்கிற சொல் வரவில்லை.

"அப்பா, நான் ஹாஸ்டல்ல இல்லீங்க."

"பின்ன எங்கிருக்கற?"

"பச்சைமலையில. கூட வந்த புள்ளைய கதண்டு கொட்டிருச்சுங்கப்பா. முகமெல்லாம் வீங்கிருச்சு. பைக்கில கொண்டு போயிருக்காங்க, ஆத்தூருக்குத்தான் போவாங்க. நான் தனியா எறங்கீட்டு இருக்கறன்."

எதிர்ப்பக்கம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"உன்னையக் கொட்டுச்சா?"

"ஒண்ணுதானுங்க. கையில."

"மயக்கம் கியக்கம் வருதா?"

"இல்லீங்க."

"செரி. பாத்து எறங்கு. அவசரத்துல கால ஒடச்சுக்காத. நான் ஆத்தூருக்குப் போறன்."

ஏன், எதற்கு, யாரைக் கேட்டுப் போனாய் என்று ஒரு வார்த்தை இல்லை. போன் அணைந்தது. அந்த இடத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சிநேகிதி எப்படி இருக்கிறாள் என்று தெரியாத நிலையிலும், தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே வெறுப்பும் வந்தது.

அடிவாரத்தை அடைந்தபோது, சைக்கிள் வைத்திருந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா அவருக்குப் போன் செய்திருந்தார். சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஆத்தூருக்கு அனுப்பிவிட்டார்களாம். "உசுருக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார். அந்த 'தான்' என்னை என்னவோ செய்தது. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காத்திருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

கெங்கவல்லி தாண்டி, இரு பக்கமும் மரவள்ளிக் காடு. கொட்டு வாங்கிய கை வீங்கி பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கையால் ஓட்டினேன். ஆத்தூர் நெருங்க நெருங்க ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை வந்தது. அப்போது மறுபடியும் போன். அப்பாதான்.

"உன்ர சிநேகிதி கண்ணு முழிச்சிருக்குது. பேசோணுமாம். இந்தா."

வீங்கிய உதடு வழியாக ஒரு குழறல். "ஏய்... பைக்குல ஏறிட்டேன்டி. ஆம்புலன்ஸ்லயும் ஏறிட்டேன். ரூல் போச்சு."

ஒரு புளியமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நடுவில் சிரிப்பு வந்தது. களைக்கொத்தோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, விழுந்துட்டியா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நான் நுழைந்தபோது அப்பா கட்டிலருகே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பண்ணையில் போடும் அதே பழைய சட்டை, மேல் பட்டனில் கோழி இறகு ஒட்டியிருந்தது. உரித்த இளநீரை ஸ்ட்ராவோடு அவள் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். அவள் முகம் பூசணிக்காய்போல் இருந்தது. ஆனால் மூச்சு சீராக வந்தது. இனிப் பயமில்லை, ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரோரம் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகிலும் மூன்று இடம் கொட்டியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை அவர்.

சாயங்காலம் சிநேகிதியின் அம்மா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தார். என் வீட்டில் எதுவும் தெரியாது என்று அவருக்கு அங்கேதான் விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

அப்பா என்னை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"பொய்யி சொல்லோணும்னு ஏஞ்சாமி தோணுச்சு?"

"கேட்டா உடமாட்டீங்கன்னுங்க."

"உடமாட்டன்தான்." டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீ சண்டை போட்டிருக்கோணும்."

"சண்டை போட்டிருந்தா உட்டிருப்பீங்களா?"

"தெரியல சாமி" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு ஆனது உனக்கு ஆயிருந்தா, நீ மலையில இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் சிநேகிதியின் வீக்கம் வடியத் தொடங்கியது. மலைக்குத் திரும்பிய அக்காவை அப்பா தன் முட்டை வேனில் அடிவாரத்தில் விட்டுவிட்டு, அங்கே இருந்த சிநேகிதியின் சைக்கிளை ஏற்றிவந்தார். அதற்கும் மறுநாள் காலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து மலையில் மிச்சத்தை ஏறப்போவதாக அவள் அப்போதே சபதம் செய்தாள். அவளையும் அம்மாவையும் சைக்கிளையும் சேர்த்து முட்டை வேனில் சேலத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போவதாக அப்பா சொன்னார். என் சைக்கிளையும் தூக்கப் போனார்.

"நான் மிதிச்சே வாரனுங்கப்பா."

கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பி வீக்கம் போயிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்துக் கொறையுது" என்றார். எதிரிலிருந்த பங்க்சர் கடைக்கு அவரே உருட்டிக்கொண்டு போய், இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேன் சேலம் ரோட்டில் திரும்ப, நான் மல்லியகரைப் பக்கம் திரும்பினேன். அறக்கட்டளைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவிடலாம், இது முழுப் பயணமா பாதிப் பயணமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலை வெயில் இதமாக இருந்தது. போர்வெல் ரிக் லாரி ஒன்று ஹாரன் அடித்துத் தாண்டிப்போனது. வாயை விட்டுச் சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன். யார் கேட்டால் என்ன?

நாமகிரிப்பேட்டையில் ஒரு பெட்டிக்கடையில் நின்று தண்ணீர் வாங்கினேன். கடைக்கார அம்மா சைக்கிளையும் பின்னால் கட்டியிருந்த பையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிருந்து கண்ணு வார?"

"சேலத்துல கெளம்புனனுங்க. ஆத்தூர் போயி, பச்சைமலை போயி, இப்ப நாமக்கல் போறனுங்க."

"தனியாவா! உங்கூட்டுல தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் நம்பினாரோ என்னவோ, கேட்காமலே ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். அதை வாயில் போட்டுக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் ராசிபுரத்தைத் தாண்டிவிடலாம் என்று மிதித்தேன்.